இரவல் கைவாகு

வெண்டைக்காய் நறுக்கி முடித்த பிறகும் ஆவுடையின் வலது கை விரல் சும்மா இருக்கவில்லை. அரிவாள்மணைப் பலகையில் நீளமாக ஒரு தட்டு, குட்டையாக இரண்டு, மறுபடி நீளமாக ஒன்று என்று தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்து பழைய பம்ப் ஸ்டவ் ஒன்றின் வாஷரை மாற்றிக்கொண்டிருந்த செண்பகராஜ் அந்தச் சிரிப்பைக் கேட்டான். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனைவியை அப்படி யார் சிரிக்க வைத்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். வால்பாறைக்காரன்.

சூரியப் புயல் அடித்து ஆறு வருடமாகிவிட்டது. ஒரே வாரத்தில் வானத்துச் செயற்கைக்கோள்கள் கருகின. கோபுரங்களுக்குள் இருந்த சில்லுகள் ஒன்றுக்கும் உதவாமல் போயின. கோவில்பட்டி மெயின் ரோட்டில் 'செண்பகா மொபைல்ஸ்' என்று போர்டு வைத்து, செத்த போனையும் பிழைக்க வைப்பவன் என்று பேர் வாங்கியிருந்த செண்பகராஜ், இப்போது அதே கடையில் ஸ்டவ்வும் குடையும் சரிசெய்துகொண்டிருந்தான். ஊருக்கும் ஊருக்கும் பேச ஒரே வழிதான் மிச்சமிருந்தது. ரயில் பாதையோரம், அது இல்லாத இடத்தில் சாலையோரம், மறுபடி கம்பி இழுத்தார்கள். தந்தி திரும்ப வந்தது.

தந்தி வந்தது சரி, அடிக்க ஆள் வேண்டுமே. அதற்காக அரசாங்கம் 'வீட்டுத் தந்திப் பயிற்சிப் பெட்டி' என்று ஒன்றைத் தபாலில் அனுப்பியது. செண்பகராஜ்தான் மனுப் போட்டான். பெட்டி அவன் பேருக்குத்தான் வந்தது. உள்ளே தட்டுவதற்கு ஒரு பித்தளைக் கீ, ஒரு பஸ்ஸர், எழுத்துகளுக்கான புள்ளியும் கோடும் அச்சிட்ட சிறு புத்தகம், அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு காப்பு.

பெட்டியின் சூட்சுமமெல்லாம் அந்தக் காப்பில்தான் இருந்தது. புதிதாகச் சில்லு செய்யும் ஆலைகள் இன்னும் முழுதாக எழவில்லை; செய்த கொஞ்சத்தில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்கியிருந்தார்கள். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். அது நரம்பை மெல்லச் சுண்டிச் சுண்டி எழுத்துகளை விரலுக்குள் ஏற்றிவிடும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: 'முதல் நாற்பது நாள் காப்பு கைக்குக் கற்றுக்கொடுக்கும். அதன் பின் கையிடமிருந்து காப்பு கற்றுக்கொள்ளும். ஒருவர் காப்பை மற்றவர் அணிவது குற்றம்.'

குற்றம் என்று போட்டதற்குக் காரணம் இருந்தது. கம்பியில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். முகமும் தெரியாது, குரலும் கேட்காது. ஆனால் ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு கைவாகு உண்டு. எங்கே இழுக்கிறார், எங்கே தயங்குகிறார், எங்கே அவசரப்படுகிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் கைவாகைத்தான் மதுரை மண்டல அலுவலகம் கையெழுத்துப் போலப் பதிவு செய்து வைத்திருந்தது. பதிவில்லாத கை பட்டால் கம்பி தானே பூட்டிக்கொள்ளும். காப்பு கற்றுக்கொண்ட கைவாகோ, அதை மாட்டுகிற வேறு கைக்கும் ஏறிவிடும்.

செண்பகராஜ் இருபது நாள் காப்பைப் போட்டுப் பார்த்தான். இடுக்கியும் சோல்டரிங் கம்பியும் பிடித்துப் பழகிய விரல் எதற்கும் மசியவில்லை. "இது நமக்கு ஆகாது" என்று கழற்றி வைத்தான். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த ஆவுடை, "சும்மாதான கெடக்கு" என்று எடுத்து மாட்டிக்கொண்டாள். தையல் மெஷினை மிதித்த மிதியிலேயே அவளுக்குப் பாடம் ஏறியது. ஒரு மாதத்தில் பெட்டியைத் தன் பேருக்கு மாற்றி எழுதி வாங்கினாள். மூன்றாம் மாதம் பரீட்சையில் தேறினாள். கோவில்பட்டி ஸ்டேஷன் தந்தி அறையில் வேலையும் கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள், "தந்தியம்மா வீட்டுக்காரர்தான நீங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வைக் கொஞ்சம் பலமாகவே முடுக்குவான்.

அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது பெனடிக்ட்.

வால்பாறை எஸ்டேட் தந்தி அறையில் இருந்தவன் பெனடிக்ட். தேயிலை லோடு, மருந்துப் பெட்டி, மண்சரிவு என்று அவனிடமிருந்து ஆவுடைக்குத் தினமும் செய்தி வரும். கம்பி ஓய்ந்திருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். முதலில் அவளே வந்து சொல்வாள்.

"அந்த வால்பாறை மனுசன் ஷூவுக்குள்ள அட்டை ஏறிட்டாம். உப்பு டப்பாவ இடுப்புலயே கட்டிக்கிட்டுத் திரியுதாராம்."

"இதுக்குத்தான் சர்க்கார் கம்பி இழுத்துக் குடுத்தானா?" என்றான் செண்பகராஜ்.

அதிலிருந்து அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். சொன்னதைவிடச் சொல்லாதது அவனை அதிகமாக அரித்தது. "என்ன பேசுவீங்க ரெண்டு பேரும்?" என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

"சும்மாதான்" என்றாள்.

சும்மா பேசுவதற்கா பலகையிலும் தம்ளரிலும் விரல் ஆடுகிறது? சும்மா பேசினதற்கா தனியாகச் சிரிப்பு வருகிறது? வீட்டுக்குள்ளேயே தன் கண்ணெதிரே ஒருத்தன் பேசிக்கொண்டிருக்கிறான், தனக்கு மட்டும் காது கேட்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

பயிற்சிக் காப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆவுடை காலையில் அதைக் கழற்றிப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். ஐப்பசி பிறந்த வாரம் செண்பகராஜ் அதை எடுத்தான். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு கடைக்குப் போனான். சாயங்காலம் அவள் வருவதற்குள் இருந்த மடிப்பு மாறாமல் திரும்ப வைத்தான்.

முதல் தடவை எதற்கும் மசியாத விரல் இந்தத் தடவை மசிந்தது. காப்புக்குள் இப்போது இருந்தது சர்க்கார் பாடம் இல்லை, ஆவுடையின் கை. பன்னிரண்டு வருடம் அவன் பிடித்த கை. அது எங்கே நிதானிக்கும், எங்கே துள்ளும் என்று அவன் உடம்புக்கு முன்பே தெரிந்திருந்ததோ என்னவோ, கார்த்திகை பாதிக்குள் அவன் விரல் அவளைப் போலவே தட்டியது. ழகரம் வருகிற இடத்தில் அவள் ஒரு நொடி தடுக்கி எழுவாள், அவனும் தடுக்கினான். கடை மேஜையில் தன் விரல் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் எதிரில் உட்கார்ந்திருப்பது போல அவனுக்கு உடம்பு கூசியது.

இப்போது அவளுடைய தட்டல் அவனுக்குப் புரிந்தது. ஏதோ பெரிய கள்ளத்தனம் வெளிப்படப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தான். ஒருநாள் காலையில் அவள் காபி தம்ளரில் தட்டியது இதுதான்: 'இருமல் எப்படி இருக்கிறது. கஷாயம் குடித்தீர்களா.'

அன்றைக்கு வால்பாறையிடம் கேட்க வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள். அதே வாரம் செண்பகராஜுக்கும் இருமல். அவனிடம் அவள், "வெந்நி வச்சிருக்கேன், குடிங்க" என்று வாயால் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வெந்நீர் ஆறிப்போகிற வரைக்கும் அவன் அதைத் தொடவில்லை.

அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது அவன் வழக்கம். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் அவள் சாப்பிட்டு முடித்துத் தூக்குவாளியைக் கழுவ எழுந்தாள். பக்கத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நடந்தாள். பொறுப்பாளர் நமச்சிவாயம் நாகர்கோவில் வண்டிக்குத் தபால் பை ஏற்றப் போயிருந்தார். அறையில் யாரும் இல்லை. கீ மேஜைமேல் இருந்தது.

செண்பகராஜ் கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். சட்டைக் கைக்குள் காப்பு இருந்தது. வால்பாறையைக் கூப்பிட்டான். கம்பி பூட்டிக்கொள்ளவில்லை. மதுரையில் இருந்த இயந்திரமும் அவனை ஆவுடை என்றே நம்பியது.

உடனே பதில் வந்தது. 'சொல்லுங்கள் ஆவுடை.'

பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். செண்பகராஜுக்குக் காது சூடாகியது. பல நாள் மனசுக்குள் எழுதி வைத்திருந்ததைத் தட்டினான். 'இனிமேல் என்னிடம் சொந்தப் பேச்சு வேண்டாம். வேலைப் பேச்சு மட்டும் போதும். என் வீட்டில் பிடிக்கவில்லை.'

எதிர்முனையிலிருந்து வந்தது ஒரே சொல். 'சரி.'

இவ்வளவுதானா என்று அவன் எழப்போனான். கருவி மறுபடி தட்டியது.

'ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி எட்டாம் தேதி சாயங்காலம் பெனடிக்ட் உங்களிடம் கடைசியாக என்ன சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.'

அவன் திரும்ப உட்கார்ந்தான். தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தான். 'நீங்கள் பெனடிக்ட் இல்லையா' என்று தட்டினான்.

'இல்லை. அவர் மனைவி ஜெசிந்தா. அவர் ஐப்பசி ஒன்பதாம் தேதி இறந்துவிட்டார். நெஞ்சுச் சளி. மலையிலிருந்து இறக்க ஜீப் கிடைக்கவில்லை. உங்களை ஏமாற்றியதற்கு மன்னியுங்கள். மதுரைக்குத் தெரிந்தால் இந்த வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதீர்கள்.'

ஐப்பசி ஒன்பது. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. செத்துப்போன ஒருத்தன் மேல் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கம்பியில் வந்த கைவாகு என்னவோ ஒரு ஆம்பளையின் கைதான். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் கொஞ்சம் இழுவை. அந்தக் கை இப்போது மண்ணுக்குள் இருக்கிறது.

பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. 'நானும் ஆவுடை இல்லை. அவள் புருசன்' என்று தட்டினான்.

'காப்பா' என்று கேட்டது எதிர்முனை.

'காப்புதான்.'

'எதற்கு.'

அவன் உள்ளதைச் சொன்னான். 'பொறாமை.'

'எனக்கும் அதுதான்' என்றாள் ஜெசிந்தா. அதற்குப் பிறகு அவள் நிறுத்தாமல் தட்டினாள். 'இருமல் கூடியபோது அவரே காப்பை எனக்கு மாட்டிவிட்டார். முடியாத நாளில் அவருக்குப் பதிலாக நான் உட்கார. நான் வயிற்றுப்பாட்டுக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவர் வீட்டில் பேசாத மனிதர். சாப்பாடு போடு, விளக்கை அணை, அவ்வளவுதான். இந்த அறையில் உட்கார்ந்தால் சிரிப்பார். வெளியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். கோவில்பட்டியில் ஒருத்தியிடம் அப்படி என்னதான் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் கையை வாங்கிக்கொண்டேன்.'

'தெரிந்ததா.'

'தெரிந்தது. அன்றைக்கு நாம் என்ன பேசினோம், முந்தாநாள் என்ன பேசினோம் என்று உங்கள் மனைவியையே நோண்டி நோண்டிக் கேட்டேன். காய்ச்சலில் மறந்துவிட்டார் என்று நினைத்து எல்லாம் சொன்னாள். அட்டை. மழை. ஜாக்கெட்டுக்குக் கைக்குழி வெட்டுவது எப்படி. ஒன்றுமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றுமில்லாததையெல்லாம் அவளிடம் பேசியிருக்கிறார். என்னிடம் பேச அவருக்கு அந்த ஒன்றுமில்லாததுகூட இருக்கவில்லை.'

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுவது கேட்டது. செண்பகராஜ் திரும்பிப் பார்த்தான். கழுவிய தூக்குவாளியோடு ஆவுடை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கருவி தட்டுவதை அந்த அறைக்கு வெளியே இருபது அடியில் இருந்தே அவளால் கேட்டுவிட முடியும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவள் அழவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எந்திரிங்க" என்றாள்.

அவன் எழுந்தான். அவள் உட்கார்ந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தட்டினாள். 'ஜெசிந்தா, இப்போது ஆவுடை பேசுகிறேன். நீங்கள் கேட்டது எனக்கும் கேட்டது. அன்றைக்கு அவர் கடைசியாகச் சொன்னது இது. இன்று சீக்கிரம் எழுந்து போகிறேன், ஜெசிந்தா எனக்காக வழி பார்த்துக்கொண்டிருப்பாள், அவளோடு பேச வேண்டியது நிறைய இருக்கிறது.'

பக்கத்தில் நின்ற செண்பகராஜின் விரல்கள் தன்னால் அந்த வரியைக் கூடவே தட்டின. அப்போது அவனுக்கு ஒன்று பட்டது. 'எழுந்து', 'வழி' என்ற சொற்களில் வழக்கமான தடுக்கல் இல்லை. வரி முழுதும் எண்ணெய் போட்ட மெஷின் போல ஓடியது. ஜாக்கெட் நாளைக்கு ரெடி என்று வாடிக்கைக்காரர்களிடம் பொய் சொல்லும்போது ஆவுடையின் பேச்சு இப்படித்தான் வழுக்கிக்கொண்டு ஓடும்.

வால்பாறையிலிருந்து 'நன்றி' என்று மட்டும் வந்தது. அந்தச் சொல்லின் கடைசி இழுவை முடிகிறபோது நாகர்கோவில் வண்டி கூவிக்கொண்டு கிளம்பியது. செண்பகராஜ் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் ஆவுடை அவன் முன்னால் கையை நீட்டினாள். "கழட்டுங்க."

அவன் காப்பைக் கழற்றிக் கொடுத்தான். மணிக்கட்டில் வெளுத்த வளையம் ஒன்று பதிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் ஆகப்போவுது."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"கேட்டேனே. சும்மாதான்னு சொன்ன."

"சும்மாதான பேசினோம்."

"அதான் எனக்கு ஆகல" என்றான் செண்பகராஜ். அந்த வால்பாறைப் பெண் சொன்னதையே தானும் சொல்கிறோம் என்று தெரிந்தது. பிறகு கேட்டான். "அந்தப் பிள்ளைட்ட சொன்னியே, அது நெசமா?"

"இல்ல."

"பெறவு என்னதான் சொன்னாரு?"

ஆவுடை காப்பைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். "அது எனக்குச் சொன்னது" என்றாள்.

மறுநாளே அவள் மதுரைக்கு ஒரு மனு எழுதினாள். அவனைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை, ஜெசிந்தாவைப் பற்றியும் இல்லை. வலது மணிக்கட்டில் வலி, இனி அந்தக் கையால் தட்ட முடியாது, பதிவை ரத்து செய்யவும், இடது கையால் பரீட்சை எழுத அனுமதிக்கவும் என்று நாலே வரி. பழைய காப்பை மனுவோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டாள். புதுக் காப்பு தருவதாக அவர்கள் எழுதினார்கள். அவள் வேண்டாம் என்று பதில் போட்டாள்.

மார்கழி முழுவதும் விடிகாலையில் பித்தளைக் கீயையும் அந்தச் சிறு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நரம்பைச் சுண்டிக் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லாமல், சிலேட்டில் எழுதிப் பழகும் பிள்ளையைப் போல இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தப்பு வந்தால் முதலிலிருந்து தட்டினாள். பக்கத்து அறையில் படுத்தபடி செண்பகராஜ் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் தவறும்போதெல்லாம் அவனுடைய வலது கை போர்வைக்குள் சரியாகத் தட்டியது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தான். "வலது கையில வலி ஒண்ணும் இல்லயே ஒனக்கு. எதுக்கு இப்படிக் கெடந்து சாகுத?"

"வலது கைய நீங்க எடுத்துக்கிட்டீங்க" என்றாள் ஆவுடை. கோபமாகச் சொல்லவில்லை. "எடுத்தது எடுத்ததுதான். இனி நீங்களே வச்சுக்கோங்க."

தை மாதம் பரீட்சை. தேறிவிட்டாள். வேகம் பாதிகூட இல்லை. இருந்தாலும் ஆள் பற்றாக்குறையில் வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். மதுரைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேராகப் புதுக் கைவாகு ஏறியது. வால்பாறைக்கு நேராக இருந்தது பெனடிக்டின் பழைய கைவாகுதான். காப்பைக் கழற்றிவிட்டுச் சொந்தக் கையால் பழகு என்று ஆவுடை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். ஜெசிந்தா கேட்கவில்லை. 'அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்' என்றாளாம். இதைப் பொறுப்பாளர் இல்லாத நேரமாகப் பார்த்து ஆவுடையே அவனிடம் சொன்னாள். இப்போதெல்லாம் கேட்டால் எல்லாம் சொல்லுகிறாள். அவன்தான் கேட்பதைக் குறைத்துக்கொண்டான்.

மாசி பிறந்ததும் ஒருநாள் மதியம் அவன் சாப்பாடு கொண்டுபோனான். தந்தி அறையின் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போதே பேச்சு கேட்டது. எதிர்முனையிலிருந்து அந்த இழுவைக் கை. தேயிலைக்குள் கரடி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டதாம், கங்காணி சங்கை ஊதி ஊதி அவருக்குத்தான் மூச்சு வாங்கியதாம். இந்த முனையிலிருந்து ஆவுடையின் இடது கை. அது நொண்டியது, நின்றது, திடீரென்று மூன்று எழுத்தை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி நின்றது. எங்கே தயங்கும், எங்கே துள்ளும் என்று அவனால் ஒரு எழுத்துக்கு முன்னால்கூடச் சொல்ல முடியவில்லை. தட்டியது ஒவ்வொன்றும் அவனுக்குப் புரிந்தது. தட்டுகிறவள் யாரென்றுதான் பிடிபடவில்லை.

உள்ளே ஆவுடை சிரித்தாள். செண்பகராஜ் தூக்குவாளியை ஜன்னல் திட்டில் வைத்தான். சாப்பாடு ஆறிவிடும், கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தான். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று பிளாட்பாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டான்.